பக்கத்து வயல் மனையாகிவிட்டது, என் வயலுக்குத் தண்ணீர்?

கேள்வி: தஞ்சாவூருக்கு வெளியே வடவாற்றுப் பாசனத்தில் எங்களுக்கு ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நன்செய் இருக்கிறது. எங்களுக்கு மேலே தண்ணீர் பாயும் வயலின் சொந்தக்காரர், மேல்மடைக்காரர், தன் வயலை ஒரு புரோமோட்டருக்கு விற்றுவிட்டார். போன மாதம் கிராவல் கொட்டிக் கல் நட்டார்கள். அதில் எங்களுக்கு வரும் வாய்க்காலும் மூடிப்போனது. "தண்ணீர் வராத நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள், கொடுத்துவிடுங்கள்" என்கிறார் புரோக்கர். எங்கள் மாவட்டம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்தானே? நன்செய்யில் மனை போடத் தடை இல்லையா?
- ஒரு விவசாயி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: கசப்பான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் உங்கள் மாவட்டத்துக்குப் பொருந்தும், உங்கள் பிரச்சினைக்குப் பொருந்தாது. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறு, உலோக உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றைத்தான் அது தடுக்கிறது. வீட்டு மனை அந்தப் பட்டியலில் இல்லை. ஹைட்ரோகார்பன் போராட்டச் சூட்டில் பிறந்த சட்டம் அது. நகரம் வயலைத் தின்பது அதன் கண்ணில் படவே இல்லை.

கேரளத்தில் 2008-லேயே நெல்வயலை நிரப்பத் தடை போட்டுத் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். விவசாயி சொந்த வீடு கட்ட வேண்டும் என்றால்கூட பஞ்சாயத்தில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட்தான்; அதற்கும் குழுவின் பரிந்துரை வேண்டும். 2018 திருத்தத்தில் அந்த வேலி கொஞ்சம் தளர்ந்தது உண்மைதான். ஆனால் நம்மிடம் வேலியே இல்லை. வாசலில் அனுமதி கேட்கும் முறை மட்டும் இருக்கிறது.

அந்த முறை 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் வருகிறது. உங்கள் கிராமம் தஞ்சாவூர் திட்டப் பகுதிக்குள் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால், மாஸ்டர் பிளானில் அந்த சர்வே எண் விவசாய மண்டலமா என்று பார்க்க வேண்டும். விவசாய மண்டலம் என்றால், நில வகைப்பாட்டை மாற்றாமல் மனைப்பிரிவு போட முடியாது. மாற்றுவதற்கு முன் அறிவிப்பு கொடுத்து ஆட்சேபனை கேட்க வேண்டும். கிராமம் திட்டப் பகுதிக்கு வெளியே என்றால் அதே சட்டத்தின் 47-ஏ பிரிவும், விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதற்கான 2017 விதிகளும் வரும். நன்செய் என்பதால் கலெக்டர் வரை கோப்பு போக வேண்டும். இந்தக் கோப்பு இருக்கிறதா, வேளாண் இணை இயக்குநர் என்ன எழுதிக்கொடுத்தார் என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அங்கீகாரமே இல்லையென்றால் அந்த மனைகளைப் பத்திரம் போட பதிவுச் சட்டம் 22-ஏ தடை. அப்படிப்பட்ட இடங்களில் மனை என்று எழுதாமல் சென்ட் கணக்கில் விவசாய நிலமாக எழுதிக்கொடுக்கிற வேலையும் நடக்கும். அதைக் கண்டால் சார்பதிவாளரிடம் எழுத்தில் ஆட்சேபனை கொடுங்கள்.

ஆனால் உங்களுக்கு உண்மையான பலம் வாய்க்காலில்தான் இருக்கிறது. அவர்களுக்கு முறைப்படி அங்கீகாரமே கிடைத்திருந்தாலும், உங்கள் தண்ணீரை மறிக்கும் உரிமை அதோடு சேர்ந்து வருவதில்லை.

கிராம புலப்படத்தை, அதாவது சர்வே வரைபடத்தை, வாங்கிப் பாருங்கள். என்னிடம் வந்த ஒரு வழக்கில், படத்தில் வயலுக்குக் குறுக்கே இரண்டு மெல்லிய கோடுகள் போயின, அது வாய்க்கால். புரோமோட்டர் அடித்த வழவழப்பான நோட்டீஸில் அதே இடத்தில் '30 அடி சாலை' என்று இருந்தது. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும் என்ற நிலை. உங்கள் வாய்க்காலும் கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் புறம்போக்கு என்று இருந்தால், தாசில்தாருக்கும் நீர்வளத் துறைப் பொறியாளருக்கும் மனு கொடுங்கள். அசையவில்லையென்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். நீர்நிலைப் புறம்போக்கு விஷயத்தில் 2005-இல் எல். கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமும், ஊர்ப் பொது நிலம் பற்றி 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் கண்டிப்பாகத்தான் பேசியிருக்கின்றன.

வாய்க்கால் பட்டா நிலத்துக்குள் ஓடுகிறது என்றாலும் கவலை வேண்டாம். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி, 20 வருடம் தடையில்லாமல், உரிமையாகத் தண்ணீர் பாய்ச்சியிருந்தால் அது உங்கள் பாத்தியம். ஒரே ஒரு எச்சரிக்கை: அடைத்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். பேசித் தீர்க்கலாம் என்று இழுத்தடிப்பது எதிராளிக்குத்தான் லாபம்.

சாட்சி வீட்டிலேயே இருக்கும். தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். "மாமூல் வண்டிப் பாதை, நீர்ப்பாய்ச்சும் பாத்தியம் உள்பட" என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். யாரும் படிக்காத வரி அது. மேல்மடைக்காரர் பத்திரத்திலும் அந்த வாய்க்கால் நான்கெல்லையில் வருகிறதா என்று வில்லங்கத்தோடு நகல் போட்டுப் பாருங்கள். பழைய அடங்கலில் (கிராம சாகுபடிக் கணக்கில்) பாசன ஆதாரம் என்ன எழுதியிருக்கிறது என்பதும் வேண்டும். இவற்றோடு உரிமையியல் நீதிமன்றத்தில் வாய்க்காலைத் திறந்துவிடக் கட்டாய உத்தரவும், அதுவரை மேற்கொண்டு கொட்டக் கூடாது என்று இடைக்காலத் தடையும் கேளுங்கள். நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையரை அனுப்பி இடத்தைப் பார்க்கச் சொல்லும் மனுவையும் சேர்த்தே போடுங்கள், சாலை போட்டு மேலே தார் ஊற்றிவிட்டால் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

புரோக்கர் பேச்சுக்கு வருவோம். விற்கச் சொல்லி உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. "அரசாங்கமே எடுத்துக்கொள்ளும்" என்று மிரட்டினால், 2013 நில எடுப்புச் சட்டத்தின் 10-வது பிரிவைக் கேட்டுப் பாருங்கள்: பாசனமுள்ள பல போக நிலத்தை வேறு வழியே இல்லாதபோதுதான் எடுக்கலாம். (சில மாநிலச் சட்டங்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் புரோக்கருக்கு அந்த அதிகாரம் கிடையாது.) அட்வான்ஸ் என்று எதையும் வாங்காதீர்கள், மூலப் பத்திரத்தை 'பார்த்துவிட்டுத் தருகிறேன்' என்றாலும் கொடுக்காதீர்கள்.

மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-இல் திறப்பார்கள். அதற்குள் மனு நீதிமன்றத்தில் ஏறியிருக்க வேண்டும். இன்றைக்கே போய் மூடிய வாய்க்காலை, தேதி விழும்படி நாலு போட்டோ எடுத்துவிடுங்கள். உங்கள் மடையும் அதில் தெரியட்டும்.