சூரியன் ஐயாயிரம் மைல் தூரத்திலா?

கேள்வி: வணக்கம் டீச்சர். என் மகள் பத்தாம் தரம். ஆங்கில டியூஷன் வகுப்பில் ‘எக்ஸாமினேஷன் டே’ என்ற சிறுகதையைக் கொடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பையனை அரசாங்கம் சோதனைக்குக் கூப்பிட்டுக் கடைசியில் கொன்றுவிடுகிறது. “கெட்டிக்காரனைப் போய் ஏன் கொல்லணும், எழுதினவர் மாத்தி எழுதிட்டாரா?” என்று கேட்கிறாள். அதோடு அந்தத் தகப்பன் சூரியன் ஐயாயிரம் மைல் தூரத்தில் இருப்பதாகச் சொல்கிறார். அச்சுப் பிழையா? எனக்கு விளக்கத் தெரியவில்லை.
— ஒரு தகப்பன், மஸ்கெலியா

பதில்: அச்சுப் பிழை இல்லை தம்பி. உங்கள் மகள் கேட்ட இரண்டு கேள்வியும் கதையின் இரண்டு கதவுகள். கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

எழுதியவர் ஹென்றி ஸ்லேசர், அமெரிக்கர். விளம்பரத் துறையில் வேலை பார்த்தவர். கதை 1958இல் வெளிவந்தது. டிக்கி என்ற பையனுக்குப் பன்னிரண்டாவது பிறந்தநாள். அன்றுதான் வீட்டில் முதல் தடவையாகச் சோதனையைப் பற்றிப் பேச்சு வருகிறது. தாய்க்குக் கண் கலங்குகிறது, தகப்பன் எரிந்து விழுகிறார். சோதனைக்கு முன்னால் குடிக்க ஏதோ கொடுப்பார்கள், பெப்பர்மின்ட் மாதிரி ருசிக்கும், உண்மையைச் சொல்ல வைப்பதற்காம். பையனைக் கொண்டுபோய் விடுகிறார்கள். பிறகு வீட்டுக்குத் தொலைபேசி அழைப்பு: உங்கள் மகனின் நுண்ணறிவு அரசாங்கம் விதித்த அளவைத் தாண்டிவிட்டது, வருந்துகிறோம். உடலை அரசாங்கமே புதைக்கட்டுமா, நீங்களே இடம் பார்க்கிறீர்களா? அரசாங்கம் புதைத்தால் கட்டணம் பத்து டொலர்.

இனிச் சூரியனுக்கு வருவோம். உண்மையான தூரம் சுமார் 9 கோடி 30 இலட்சம் மைல். கொழும்புக்கு ஒருநாளும் போகாத ஆள்கூட ஐயாயிரம் என்று சொல்ல யோசிப்பார். இதற்கு இரண்டு விளக்கம் சொல்லலாம். ஒன்று, தகப்பனுக்கே தெரியாது. அந்த நாட்டில் பன்னிரண்டு வயதைத் தாண்டி உயிரோடு இருக்கிற அத்தனை பேரும் அதே சோதனையில் தப்பியவர்கள்தானே! கெட்டிக்காரர்களை வடித்து எடுத்த பிறகு மிஞ்சிய நாடு அது. இரண்டாவது, அவருக்குத் தெரியும், வேண்டுமென்றே பிழையாகச் சொல்கிறார்.

நான் இரண்டாவது பக்கம். புல் ஏன் பச்சையாக இருக்கிறது என்று பையன் கேட்கும்போதும் அவர் யாருக்கும் தெரியாது என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்கிறார். தெரியாத ஆள் வழக்கமாக ஏதாவது சொல்லிச் சமாளிப்பார், அல்லது டீச்சரிடம் கேள் என்பார். இவர் வாயை மூட வைக்கப் பார்க்கிறார். பிள்ளையின் தலைக்குள் எதுவும் போகாமல் இருந்தால் புள்ளி குறையும் என்று ஒரு நப்பாசை. ‘மகனே, அங்கே போய் மொக்கன் மாதிரி நடி’ என்று சொல்லிக் கொடுக்கவும் முடியாது. அந்த மருந்து அதையும் கக்க வைத்துவிடும்.

ஆனால் கேள்வி கேட்கிற பிள்ளைக்குப் பிழையான விடை கொடுத்தால் மூளை மழுங்குமா? பத்து நிமிடத்தில் அடுத்த கேள்வியோடு வந்து நிற்கும். தூரத்தைப் பிழையாகத் தெரிந்துகொண்ட கெட்டிக்காரனாகத்தான் டிக்கி சோதனைக்குப் போகிறான். தகப்பனுடைய அந்தப் பொய் ஒன்றுக்கும் உதவாத பொய். தொலைபேசி அழைப்பைவிட எனக்கு அந்த இடம்தான் தொண்டையை அடைத்தது.

சரி, ஏன் கொல்கிறார்கள்? கதையில் காரணமே கிடையாது. விதி 84, பிரிவு 5 என்று ஓர் இலக்கம் மட்டும் வருகிறது. சர்வாதிகாரி இல்லை, துப்பாக்கி இல்லை. மின்சாரக் கட்டணம் பாக்கி என்று சொல்கிற குரலில் ஒருவர் பேசிவிட்டு வைத்துவிடுகிறார். கேள்வி கேட்கிற சனத்தை ஆள்வது கஷ்டம் என்பதை நாமாக ஊகிக்க வேண்டியதுதான். இன்னொன்று, ரஷ்யா 1957 ஒக்டோபரில் ஸ்புட்னிக் என்ற முதல் செயற்கைக்கோளை விட்ட பிறகு, கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேடிப்பிடிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் ஒரே பேச்சு. அந்தச் சமயத்தில் வந்த கதை இது, தேடிப்பிடித்து என்ன செய்வீர்கள் என்று கேட்கிற மாதிரி.

உங்கள் மகள் குழம்பியதற்கு நம் ஊரும் ஒரு காரணம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையன்று பாடசாலை கேட்டுக்கு வெளியே தண்ணீர்ப் போத்தலோடு நிற்கிற தாய்மாரைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அது. பெறுபேறு வந்ததும் சுட்டெண்ணைத் தட்டிப் பார்த்து, வெட்டுப்புள்ளிக்கு மேலே என்றால் லயத்து வரிசை வீடுகளில் பட்டாசு. அதனால் டிக்கியின் தாய் அழுதால், பையன் ஃபெயில் ஆகிவிடுவான் என்றுதான் நாம் பயப்படுகிறோம். கதாசிரியருக்கு வேண்டியதும் அதுதான். நம்முடைய பழக்கத்தை வைத்தே நம்மைக் கவிழ்க்கிறார்.

‘இது நம்ம புலமைப்பரிசில்தான்’ என்று சில ஆசிரியர்கள் சொல்லிக் கொடுப்பதாகக் கேள்விப்பட்டேன். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பத்து வயதுப் பிள்ளையை அந்தப் பரீட்சை படுத்துகிற பாடு எனக்குத் தெரியும், அதைப் பற்றி இதே பக்கத்தில் திட்டியும் இருக்கிறேன். ஆனால் கல்வி அமைச்சராயிருந்த கன்னங்கராவின் காலத்து இலவசக் கல்வியோடு வந்த ஏற்பாடு அது. ஏழைப் பிள்ளை நல்ல பாடசாலைக்குப் போக ஒரு வழி. டிக்கியின் சோதனை அதற்கு நேர் எதிர்த் திசை.

அதற்குப் பொருத்தம் தேட வேண்டுமானால் பழைய தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தைப் பாருங்கள். ஒரே மண்டபம், ஒரே வாத்தியார், அஞ்சாம் வகுப்போடு சரி. அப்புறம் செக்ரோலில், அதாவது தோட்டத் தொழிலாளர் பதிவேட்டில், பெயர் பதிந்துவிடும். 1970களில் அரசாங்கம் பொறுப்பெடுக்கும்வரை பெரும்பாலும் இதுதான் நிலைமை. யாரும் பிள்ளைகளைக் கொல்லவில்லை, உண்மை. ஆனால் எழுதப் படிக்க அளவாகத் தெரிந்தால் போதும், அதற்கு மேல் தெரிந்த பிள்ளை கொழுந்துக் கூடையைத் தொடாது என்கிற கணக்கு அங்கேயும் இருந்தது. அதற்கு விதி இலக்கம்கூடத் தேவைப்படவில்லை. உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் மகளை அவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். டியூஷன் குறிப்பைவிட நன்றாகப் புரியும்.

கேள்வி: டீச்சர், ‘எக்ஸாமினேஷன் டே’ கதையில் வரும் முரண்நகை (irony) பற்றிப் பரீட்சையில் எப்படி எழுதுவது? முடிவை மட்டும் எழுதினால் புள்ளி கிடைக்குமா?
— சாதாரண தர மாணவி, பண்டாரவளை

பதில்: கொஞ்சம்தான் கிடைக்கும் மகள். முடிவைப் படித்த பிறகு கதையைத் திரும்ப முதலிலிருந்து வாசியுங்கள். தாயின் கண்ணீர், தகப்பனின் கோபம், பெப்பர்மின்ட், புல், சூரியன், எல்லாமே வேறு அர்த்தம் காட்டும். அதில் இரண்டை எடுத்து, முதல் வாசிப்பில் என்ன நினைத்தேன், இரண்டாவதில் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள். பத்து டொலரை விட்டுவிடாதீர்கள். ஒரு பிள்ளையின் சாவைப் பற்றிய பேச்சில் கட்டணம் நுழைகிற இடம் அது. ‘இந்தக் கதை நமக்குக் கற்பிக்கும் பாடம்’ என்று தொடங்கும் பந்தி மட்டும் வேண்டாம். விடைத்தாள் திருத்திய கையால் சொல்கிறேன், அதை நாங்கள் வாசிப்பதே இல்லை.

கேள்வி: இது படமாக வந்திருக்கிறதா?
— வாசகர், ஹட்டன்

பதில்: 1985இல் ‘த ட்விலைட் ஸோன்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ஒரு சிறு அத்தியாயமாக வந்தது. முதலில் கதையை வாசித்துவிடுங்கள், முடிவு தெரிந்துபோனால் பாதி போச்சு. இந்தப் பக்கத்தை வாசித்தவர்களுக்கு அது ஏற்கெனவே போச்சு, மன்னிக்கவும்.