வீட்டுக் கம்ப்யூட்டரை வைத்துப் பெரிய பகா எண் தேட முடியுமா? ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) வைத்திருப்பவர்கள் வந்த பிறகும் அதில் நமக்கு வேலை இருக்கிறதா?

முடியும். பல வருடமாக என் வீட்டு டெஸ்க்டாப்பில், ஜிம்ப்ஸ் என்ற தேடலுக்கான பிரைம்95 மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது. கேள்வியின் இரண்டாவது பாதிக்குத்தான் இங்கே விரிவாகப் பதில் சொல்ல நினைக்கிறேன். 'இனி நமக்கு அங்கே என்ன வேலை' என்று நினைத்துப் பலர் விலகிப் போவதைப் பார்க்கிறேன். அது எனக்கு வருத்தம்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாக: ஜிம்ப்ஸ் என்பது ஜார்ஜ் வோல்ட்மன் 1996 ஜனவரியில் தொடங்கிய கூட்டுத் தேடல். உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் தங்கள் கணினியின் ஓய்வு நேரத்தைக் கொடுக்கிறார்கள். தேடுவது மெர்சென் பகா எண்களை மட்டும்தான். அதாவது 2-இன் அடுக்கிலிருந்து 1 கழித்தால் வரும் எண்களில் பகா எண்ணாக இருப்பவை: 3, 7, 31, 127. அடுக்கும் பகா எண்ணாக இருக்க வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. அடுக்கு 11 என்றால் வருவது 2047. அது 23 × 89. இதுவரை தெரிந்த மெர்சென் பகா எண்கள் 52. அவற்றில் 18 ஜிம்ப்ஸ் வழியாக வந்தவை.

இந்த வகை எண்ணை மட்டும் ஏன் துரத்துகிறார்கள் என்றால், இதற்கு லூகாஸ்-லேமர் என்ற அருமையான சோதனை இருக்கிறது. ஒரு தாளை எடுத்து 31-க்குப் போட்டுப் பாருங்கள். 4-இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுத்து 2 கழித்தால் 14. மறுபடி அதையே செய்தால் 194. 31-ஆல் வகுத்தால் மீதி 8. இன்னொரு முறை: 64-இல் 2 போக 62, 31-ஆல் வகுத்தால் மீதி 0. அடுக்கு 5, அதில் இரண்டு குறைத்து 3 முறை செய்தோம், பூஜ்யம் வந்துவிட்டது, ஆகவே 31 பகா எண். இவ்வளவுதான் சோதனை.

இப்போது அடுக்கை 13 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதே வேலையை 13 கோடி முறை செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் வர்க்கம் எடுக்கும் எண்ணில் ஏறக்குறைய 4 கோடி இலக்கம் இருக்கும். பள்ளிக்கூடப் பெருக்கல் முறை இதற்கு உதவாது. ஃபூரியர் உருமாற்றத்தை வைத்துத்தான் பெருக்குகிறார்கள். அந்தப் பகுதியை வோல்ட்மன் இன்டெல், ஏஎம்டி சிப்களுக்கு ஏற்றபடி அசெம்பிளியில் எழுதி, வருடக்கணக்கில் செதுக்கியிருக்கிறார். என்னைக் கேட்டால் மனிதர்கள் எழுதிய மிக நேர்த்தியான மென்பொருள்களில் அதுவும் ஒன்று.

விஷயத்தின் மையம் இனிமேல்தான் வருகிறது. அந்தக் கோடிக்கணக்கான படிகளில் ஏதோ ஒன்றில், சூட்டினாலோ பழைய மெமரியினாலோ ஒரே ஒரு பிட் மாறிவிட்டால், அதற்குப் பின் வருவது எல்லாமே குப்பை. ஆனால் பார்த்தால் தெரியாது. சரியாகக் கணக்கிட்டாலும் பெரும்பாலும் 'பூஜ்யம் இல்லை, பகா எண் அல்ல' என்றுதான் பதில் வரும். தப்பாகக் கணக்கிட்டாலும் அதே பதில்தான். ஒரு பகா எண்ணை நாம் இப்படிக் கையை விட்டுவிடலாம், யாருக்கும் தெரியாமலே போய்விடலாம்.

இந்த எண்களுக்குப் பெயர் தந்த மெர்சென் பாதிரியாருக்கே இது நடந்தது. 257 வரையிலான அடுக்குகளில் பகா எண் தருபவை என்று 1644-இல் அவர் கொடுத்த பட்டியலில் 67, 257 இரண்டும் தவறு. 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை. அந்தச் சின்னப் பட்டியலை முழுதாகச் சரிபார்த்து முடிக்க 1947 வரை ஆனது.

ஜிம்ப்ஸ் இதை எப்படிச் சமாளிக்கிறது என்பதுதான் எனக்கு அதில் மிகவும் பிடித்தது. ஒவ்வொரு சோதனையின் முடிவிலும் மீதியின் கடைசி 64 பிட்டைக் கணினி சர்வருக்கு அனுப்பும். பிறகு அதே அடுக்கை இன்னொருவரின் கணினி முதலிலிருந்து சோதிக்கும். தொடக்க எண்ணை வேறு அளவுக்கு இடம் நகர்த்தி வைத்துத் தொடங்குவதால், இரண்டு கணினிகளும் உள்ளுக்குள் வேறு வேறு எண்களைப் பெருக்கிக்கொண்டு போகும். அப்படியும் 64 பிட் பொருந்தினால் அந்த அடுக்கின் கணக்கு முடிந்தது. பொருந்தாவிட்டால் மூன்றாவது ஆளுக்குப் போகும். முன்பின் தெரியாதவர்களின் கணினிகளை நம்பி ஒரு தேற்றத்தைக் கட்டுவது இப்படித்தான்.

2017-இல் ராபர்ட் கெர்பிட்ஸ் ஒரு வழி கண்டார்: ஃபெர்மா வகைச் சோதனையில் (ஒரு எண் பகா எண்ணாக இருக்கக்கூடுமா என்று மட்டும் சொல்லும் சோதனை), ஓடும்போதே பிழையைப் பிடித்துப் பின்னால் போய்த் திருத்திக்கொள்ளலாம். 2020-இலிருந்து சோதனையோடு ஒரு சான்றுக் கோப்பும் போகிறது. நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான உழைப்பில் வேறொரு கணினி அதைச் சரிபார்த்துவிடும். புதிய அடுக்குகளுக்கு முழு மறுசோதனை அநேகமாகத் தேவையில்லாமல் போனது இதனால்தான். பழைய லூகாஸ்-லேமர் முடிவுகளுக்கு இன்னும் தேவை.

இனி ஜிபியு விஷயம். 2024 அக்டோபரில் லூக் டுரான்ட் கண்டுபிடித்த எண்ணின் அடுக்கு 13,62,79,841, இலக்கங்கள் 4,10,24,320. அவர் முன்பு ஜிபியு தயாரிக்கும் என்விடியாவில் வேலை பார்த்தவர். பல நாடுகளின் கிளவுட் ஜிபியுக்களை ஒன்றாகக் கோத்து ஓட்டினார். டப்ளினில் இருந்த ஒரு ஏ100 ஜிபியு அக்டோபர் 11-இல் 'பகா எண்ணாக இருக்கக்கூடும்' என்றது. மறுநாள் டெக்ஸஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் இருந்த ஒரு எச்100 ஜிபியு லூகாஸ்-லேமர் வைத்து உறுதி செய்தது. சாதாரண கணினிகளின் 28 வருட ராஜ்ஜியம் அதோடு முடிந்தது என்று அறிவித்தார்கள். கண்டுபிடிப்பு என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் அது சரி. ஆனால் அதற்கு முந்தைய எண்களைக் கண்டவர்கள் யார் என்றும் பாருங்கள். 2005-இல் ஜெர்மனியின் ஒரு கண் டாக்டர். 2017 டிசம்பரில் டென்னஸியின் ஜொனதன் பேஸ்; அவர் 14 வருடம் தேடியவர். மிசூரியில் கர்டிஸ் கூப்பர் பல்கலைக்கழகக் கணினிகளில் ஓட்டியபோது, 2015 செப்டம்பர் 17-இல் ஒரு கணினி பகா எண்ணைக் கண்டு சர்வருக்குச் சொல்லிவிட்டது. தகவல் சொல்லும் மின்னஞ்சல் மட்டும் போகவில்லை. 2016 ஜனவரி 7-இல் வழக்கமான பராமரிப்பின்போதுதான் யாரோ பார்த்தார்கள். மனிதக் கண்ணில் பட்ட நாளே கண்டுபிடித்த நாள் என்பது அங்கே வழக்கம்.

பயன் என்ன என்று கேட்டால், இந்த எண்கள் பாஸ்வேர்டு பாதுகாப்புக்கு உதவும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். அதற்குச் சில நூறு இலக்கப் பகா எண்களே போதும். நேரடிப் பயன் வேறு இடத்தில் கிடைத்தது: இன்டெலின் ஸ்கைலேக் சிப்பில் சில கனமான கணக்குகளின்போது கணினி உறைந்துபோகும் பிழையை வெளிக்கொண்டு வந்தது பிரைம்95-தான். 2016-இல் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு பயாஸ் வழியாகத் திருத்தியது. மற்றபடி, மெர்சென் பகா எண்கள் முடிவில்லாமல் உண்டா என்பதே இன்னும் நிரூபிக்கப்படவில்லை. எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

ஓட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்கு: மென்பொருள் இலவசம். லினக்ஸில் அதன் பெயர் எம்பிரைம். சேர்ந்ததும் வேலை வகையில் 'டபுள் செக்' (மேலே சொன்ன மறுசோதனை) தேர்ந்தெடுங்கள் என்பேன். அடுக்கு சிறியது, சீக்கிரம் முடியும், உங்கள் மெஷின் நம்பகமானதா என்பதும் 64 பிட் பொருந்துகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். லேப்டாப்பில் வேண்டாம், சூடு தாங்காது. கரண்ட் பில்லையும் முன்கூட்டியே கணக்குப் போடுங்கள்: கூடுதலாக 100 வாட் இழுத்தால் ஒரு நாளுக்கு 2.4 யூனிட், நம் ஊர் இரண்டு மாதக் கணக்கில் 144 யூனிட். கட்டண ஸ்லாப் மாறி விலை ஏறலாம். ராத்திரி மட்டும் ஓட்டினாலும் போதும். நிறுத்திய இடத்திலிருந்து தொடரும்.

2013-இல் கூப்பர் கண்ட எண்ணின் அடுக்கு 5,78,85,161. வரிசையில் அது 48-ஆவது என்று உறுதியாகச் சொல்ல, அதற்குக் கீழே உள்ள அத்தனை அடுக்கையும் இரண்டு முறை பார்த்து முடிக்க வேண்டியிருந்தது. 2021 அக்டோபரில் முடித்தார்கள். அந்த எட்டு வருட வேலையில் பெரும்பங்கு டபுள் செக் ஓட்டிய சாதாரண கணினிகளுடையது. 52-ஆவது என்று இன்று நாம் அழைக்கும் டுரான்டின் எண்ணுக்கு அந்த வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.