வார இறுதியில் மட்டும் டென்னிஸ் ஆடுபவர் மேட்சில் முன்னேற எதைத் திருத்த வேண்டும்?

கேள்வி கேட்டவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், வயது நாற்பதை ஒட்டி. வாரத்துக்கு ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் ஆடுகிறார். யூடியூப் பார்த்து ஃபோர்ஹேண்டை, அதாவது ராக்கெட் பிடித்த கைப் பக்கத்து அடியை, நிறையத் திருத்தியிருக்கிறார். பயிற்சியில் பந்து அழகாகப் போகிறது, மேட்ச் என்று வந்தால் தோற்றுவிடுகிறார். டெக்னிக்கை இன்னும் மாற்ற வேண்டுமா, இல்லை ஆடும் விதத்தில்தான் கோளாறா என்பது அவர் கேள்வி.

உங்கள் ஃபோர்ஹேண்ட் இப்போதைக்குப் போதும். அந்தப் பந்தை எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் அனுப்புகிறீர்கள் என்பதை மாற்றுங்கள். அதற்கு அடுத்து செகண்ட் சர்வ், அதாவது முதல் சர்வ் தவறினால் போடும் இரண்டாவது சர்வ். நம் தரத்தில் ஆடுகிறவர்களுக்கு இந்த இரண்டும் சரியாகும்வரை வேறு எதைத் தொட்டாலும் ஸ்கோர் பெரிதாக மாறாது. பல வருடமாக வாரக் கடைசியில் ஆடியும் பார்த்தும் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது.

சந்தேகம் இருந்தால் முதலில் ஒரு வேலை செய்யுங்கள். குழுவில் யாரையாவது ஒரு செட் முழுக்க பெஞ்சில் உட்காரவைத்து, ஒவ்வொரு பாயின்டும் எப்படி முடிந்தது என்று ஒரு தாளில் குறிக்கச் சொல்லுங்கள். எதிராளி தொட முடியாத நல்ல அடி, வலையில் விழுந்தது, வெளியே போனது என்று மூன்று கட்டம். டபுள் ஃபால்ட்டுக்கு, அதாவது இரண்டு சர்வும் தவறுவதற்கு, தனியாக ஒன்று. நண்பர்களுக்காக நான் பலமுறை இப்படிக் குறித்துக் கொடுத்திருக்கிறேன். வலைக் கட்டம்தான் எப்போதும் முதலில் நிறைகிறது. ஆடி முடித்தவரிடம் கேட்டால் அவர் அடித்த ஒன்றிரண்டு வின்னர்தான் ஞாபகம் இருக்கும். தாளைக் காட்டினால் முகம் மாறிவிடும். இந்தத் தரத்தில் பெரும்பாலான பாயின்டுகளை யாரும் ஜெயிப்பதில்லை, எதிர்ப்பக்கம் கொடுத்துவிட்டுப் போகிறது.

இனி கோர்ட்டின் அளவைப் பார்ப்போம், அதில்தான் விஷயமே இருக்கிறது. கோர்ட்டின் நீளம் 23.77 மீட்டர். வலை நடுவில் 91.4 சென்டிமீட்டர், கம்பங்களில் 107 சென்டிமீட்டர். ஒற்றையர் கோர்ட்டின் அகலம் 8.23 மீட்டர். அதனால் மூலைக்கு மூலை 25 மீட்டருக்குச் சற்று மேல் வரும். நீங்கள் கிராஸ் கோர்ட், அதாவது மூலைக்கு மூலை குறுக்காக, அடிக்கும்போது பந்து வலையின் தாழ்ந்த பகுதியைக் கடக்கிறது, போய் விழவும் ஒரு மீட்டருக்கு மேல் கூடுதல் இடம் இருக்கிறது. டவுன் த லைன், அதாவது பக்கக்கோட்டை ஒட்டி நேராக, அடித்தால் வலையும் உயரம், இடமும் குறைவு.

இன்னொரு லாபமும் உண்டு. கிராஸ் கோர்ட் அடித்துவிட்டால் நடுக்கோடு வரை ஓட வேண்டியதில்லை. அதற்கு ஓரிரு அடி முன்னாலேயே நின்றுகொள்ளலாம், எதிராளி திருப்பி அடிக்கக்கூடிய கோணத்தின் நடு அங்கேதான் வரும். டவுன் த லைன் அடித்தால் நடுக்கோட்டையும் தாண்டி அந்தப் பக்கம் ஓட வேண்டும். நாற்பது வயதுக்கு மேல், நம் ஊர்ப் புழுக்கத்தில், இரண்டாவது செட்டில் இந்த நாலு அடி வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

ஆகவே ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே வந்த பந்தைக் குறுக்கேயே திருப்பி அனுப்புங்கள். குட்டையாக, வேகம் இல்லாமல், உங்கள் இடுப்புயரத்தில் எழும்பும் பந்து வந்தால் மட்டும் திசையை மாற்றுங்கள். திசை மாற்றி அடிக்கும்போது வந்த பந்து ராக்கெட் முகத்தில் பட்டு நீங்கள் குறிவைத்ததைவிடச் சற்று விலகித்தான் போகும். கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே குறிவைத்த பந்து வெளியே விழுவது அதனால்தான். அப்படி மாற்றுகிற நேரத்திலும் கோட்டிலிருந்து நன்றாக ஒரு மீட்டர் உள்ளே தள்ளிக் குறிவையுங்கள்.

உயரத்துக்கு வருகிறேன். வலையின் நடுவில் உங்கள் ராக்கெட்டைச் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். ராக்கெட்டின் நீளம் சுமார் 68.5 சென்டிமீட்டர். பேஸ்லைனிலிருந்து, அதாவது கோர்ட்டின் கடைசிக் கோட்டிலிருந்து, அடிக்கும் சாதாரணப் பந்து அந்த ராக்கெட்டின் உச்சிக்கு மேலே போக வேண்டும். நம்ப முடியாமல் இருக்கும். டிவியில் கேமரா பின்னால் உயரத்தில் இருப்பதால் எல்லாப் பந்தும் வலையை உரசிப் போவது போலத் தெரியும். கோர்ட்டின் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால்தான் தொழில்முறை ஆட்டக்காரர்கள் எவ்வளவு மேலே அனுப்புகிறார்கள் என்று புரியும். உயரமாகப் போகும் பந்து ஆழமாகவும் விழும், எதிராளி பேஸ்லைனுக்குப் பின்னால் தள்ளிப் போக வேண்டிவரும். பந்தை முன்னோக்கிச் சுழலவைத்துக் கீழே இறக்கும் டாப் ஸ்பின் சரியாக வராதவர்கள் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து உயரத்தைக் கூட்டினாலே போதும்.

2014 முதல் 2018 வரை பெண்கள் டென்னிஸின் ஆண்டிறுதிப் போட்டியான டபிள்யூடிஏ ஃபைனல்ஸ் நம் சிங்கப்பூர் உள்விளையாட்டு அரங்கில்தான் நடந்தது. 2015-இல் அங்கே பட்டம் வென்ற அக்னியெஷ்கா ரத்வான்ஸ்காவை ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள். குழுச் சுற்றில் மூன்றில் இரண்டு மேட்ச் தோற்றும் அரையிறுதிக்கு வந்தார். அரையிறுதியில் முகுருசா, இறுதியில் கிவிட்டோவா. இருவரும் அவரைவிடப் பல மடங்கு பலமாக அடிப்பவர்கள். இறுதி ஆட்டம் 6-2, 4-6, 6-3. வேகத்துக்கு வேகம் கொடுக்காமல், வந்த வேகத்தையே வாங்கி இடம் பார்த்துப் போட்டார். நம்ம சென்னை ரமேஷ் கிருஷ்ணனும் அந்த வகைதான். அவருடைய சர்வ் மெதுவானது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில் அப்போது முதலிடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரை வீழ்த்தினார். அவர்களுடைய கைத்திறன் நமக்கு வராது. ஆனால் பந்தை எங்கே போடுகிறார்கள் என்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற அங்கிள் ஒருவர் இருக்கிறார். ஃபோர்ஹேண்டும் ஸ்லைஸ், மறுபக்க அடியான பேக்ஹேண்டும் ஸ்லைஸ்; பந்தின் அடியை வெட்டிப் பின்னோக்கிச் சுழலவிடுவார். புதிதாக வரும் இளைஞர்கள் முதல் கேமில் அவரைப் பார்த்து உற்சாகமாகிவிடுவார்கள். நாலாவது கேமில் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுவார்கள். போன மாதம் ஒரு பையன் 30-30-இல் குட்டையான பந்து கிடைத்ததும் கோட்டைப் பார்த்து ஓங்கி அறைந்தான், பந்து வலையின் மேல்பட்டையில் பட்டு அவன் பக்கமே விழுந்தது. பக்கம் மாறும்போது அங்கிள் அவன் தோளைத் தட்டி, "தம்பி, லைன் வேணாம். நடுவுல போடு, ஆழமா போடு. மிச்சத்த எதிர்ல இருக்கறவங்க பாத்துக்குவாங்க" என்றார். அவர் சொன்ன நடு சும்மா சொன்னதல்ல. நடுவில் ஆழமாக விழும் பந்திலிருந்து எதிராளிக்குக் கோணம் கிடைக்காது. சர்வைத் திருப்பும்போதும் இதையே செய்யுங்கள்: பின்னிழுப்பைச் சுருக்கி, நடுவில் ஆழமாக ஒரு பந்து. பாயின்ட் அதற்கப்புறம் தொடங்கட்டும்.

செகண்ட் சர்வ். நிறையப் பேர் முதல் சர்வை முழுபலத்தில் அடித்துவிட்டு, இரண்டாவதைக் கையை நிறுத்தித் தள்ளிவிடுகிறார்கள். தள்ளும்போது பந்துக்குச் சுழற்சி இல்லை, கை நடுங்கினால் அதைக் காப்பாற்ற எதுவும் இல்லை. 5-5-இல் டபுள் ஃபால்ட் வருவது மனப்பயத்தால் மட்டும் அல்ல, அந்தச் சர்வில் பிழைக்கு இடமே இல்லாததால்.

மாற்ற வேண்டியது கிரிப். ஃபோர்ஹேண்ட் பிடியிலேயே சர்வ் போடுகிறவர்கள் கான்டினென்டல் பிடிக்கு வந்தே ஆக வேண்டும். சுத்தியலால் ஆணி அடிக்கப் பிடிப்பது போல ராக்கெட்டைப் பிடித்தால் ஏறக்குறைய அதுதான். முதல் சில வாரம் பந்தெல்லாம் இடப்பக்கம் பறக்கும், வலக்கைக்காரர்களுக்கு. விடாதீர்கள். சர்வுக்காகப் பந்தை மேலே எறியும் டாஸைத் தலைக்கு மேலே, லேசாக இடப்பக்கம் போடுங்கள். ராக்கெட் கீழிருந்து மேலாகப் பந்தை உரசிக்கொண்டு போகட்டும். கையின் வேகத்தை முதல் சர்வில் இருப்பது போலவே வைத்துக்கொள்ளுங்கள், அந்த வேகம் முன்னால் தள்ளுவதில் போகாமல் சுழற்சியில் போகும். பந்து வலைக்கு மேல் உயரமாக எழும்பி, சுழற்சியால் கட்டத்துக்குள் இறங்கும்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பயிற்சி, நண்பருடன் ஒரே சர்வ் செட் ஆடுவது. இருவருக்கும் முதல் சர்வே கிடையாது, தவறினால் பாயின்ட் போச்சு. ஆரம்பத்தில் ஆட்டம் அசிங்கமாக இருக்கும், ஆனால் சில வாரத்தில் தோள் தானாக இறுக்கம் விடுவதை நீங்களே உணர்வீர்கள். பேக்ஹேண்ட் பக்கம், இல்லாவிட்டால் நேராக உடம்பைப் பார்த்துப் போடுங்கள். மூலையெல்லாம் பிறகு.

கால்களைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். எதிராளியின் ராக்கெட் பந்தைத் தொடும் கணத்தில் நீங்கள் சின்னதாக ஒரு துள்ளல் துள்ளி இரண்டு காலிலும் இறங்க வேண்டும். ஸ்ப்லிட் ஸ்டெப் என்பார்கள். "எனக்கு ரியாக்‌ஷன் ஸ்லோ" என்று சொல்கிற பலருக்கு இதுதான் இல்லை. ஃபோனை வேலிக் கம்பியில் மாட்டி ஒரு கேமைப் படம்பிடித்துப் பாருங்கள். எதிராளி அடிக்கும் நேரத்தில் உங்கள் குதிகால் தரையில் ஒட்டியிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

சிங்கப்பூரில் கோர்ட் கிடைப்பதே பெரிய பாடு என்பதால் நாம் அதிகம் ஆடுவது இரட்டையர்தான். அங்கே கணக்கு இன்னும் எளிது. எதிரணியில் இருவருக்கும் நடுவே போடுங்கள். வலை தாழ்வு, கோணம் இல்லை, யார் எடுப்பது என்று அவர்களுக்குக் குழப்பமும் வரும். வலையருகே நிற்பவர் துடிப்பானவராக இருந்தால் அவருடைய பேக்ஹேண்ட் தோளுக்கு மேல் லாப் போடுங்கள், அதாவது பந்தை உயரத் தூக்கிவிடுங்கள். நம் தரத்தில் அந்தப் பந்தை ஸ்மாஷ் செய்ய ஆளே கிடையாது. உங்கள் துணையிடம் பேசுங்கள். நடுவில் வரும் பந்துக்கு "என்னுது" என்று சத்தமாகச் சொல்லுங்கள். சர்வுக்கு முன் எங்கே போடப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் வலையில் நிற்பவருக்கு எந்தப் பக்கம் நகர்வது என்று தெரியும். நான் பார்த்த அளவில் குடும்பமாக ஆடும் ஜோடிகள்தான் இதில் ரொம்பக் கஞ்சம்.

பொதுக் கோர்ட்டுகளைப் பதிவுசெய்யும் ஆக்டிவ்எஸ்ஜியில் ஒரு மணி நேரம் கிடைத்தால் முழுக்க மேட்ச் ஆடித் தீர்த்துவிடாதீர்கள். முதல் இருபது நிமிடம் கிராஸ் கோர்ட் மட்டும், கோர்ட்டின் பாதியில், சர்வீஸ் கோட்டைத் தாண்டி விழுந்தால்தான் பாயின்ட் என்று ஆடுங்கள். அப்புறம் பத்து நிமிடம் செகண்ட் சர்வ். மிச்ச நேரம் மேட்ச். காலை 7 மணி ஸ்லாட் நல்லது, அப்போதுதான் விடியும், தரை சுடாது. நடுப்பகலில் சூரியன் உச்சியில் இருக்கும், எந்தப் பக்கம் நின்றாலும் டாஸில் கண் கூசும். மழை விட்டு ஈரம் முழுசாகக் காயாத தரையில் பந்து நீரை உறிஞ்சி கனத்துப்போகும், தாழ்வாகச் சறுக்கி வரும். அன்றைக்கு முழங்காலை மடக்கி ஸ்லைஸ் ஆடுங்கள், கோடுகளின் மேல் கால் வைக்கும்போது கவனம். மின்னல் எச்சரிக்கை வந்தால் மேட்ச் பாயின்டாக இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள்.

சாமான்களில் இரண்டுதான் முக்கியம். திறந்து பல வாரமான பந்தில் காற்று இறங்கியிருக்கும், அதில் பயிற்சி செய்தால் நேரக்கணக்கே கெட்டுவிடும், புது டப்பா வாங்குங்கள். அடுத்து ராக்கெட் நரம்பு. டிவியில் பார்ப்பவர்கள் போட்டிருக்கிறார்களே என்று பாலியெஸ்டர் நரம்பை இறுக்கிக் கட்டாதீர்கள். அது விறைப்பானது, நம் மாதிரி வாரத்துக்கு ஒருநாள் ஆடும் முழங்கைக்கு ஆகாது. கடையில் பல மெல்லிய இழைகளால் ஆன மல்டிஃபிலமென்ட் நரம்பு கேளுங்கள், இழுவையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். முழங்கையின் வெளிப்பக்கம் கோப்பிக் கோப்பையைத் தூக்கும்போதே வலிக்கிறது என்றால், ஆட்டத்தை நிறுத்திவிட்டு முதலில் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.