மூடி போட்டால் 'பை' (pie) ஆகுமா? பிரிட்டன் பப் சாப்பாடு, கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பப் சாப்பாடு பற்றித்தான். ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே தெருமுனை பப் என்பது டாஸ்மாக் பார் மாதிரி இல்லை. ஞாயிறு மதியம் பாட்டி, பேரன், நாய்க்குட்டி சகிதம் குடும்பமே வந்து சாப்பிடும் இடம். சரி, கடிதங்களுக்குப் போவோம்.

ஊரிலிருந்து வந்த அம்மாவை ஒரு பப்புக்குக் கூட்டிப்போனோம். அம்மா சுத்த சைவம், அதனால் சிப்ஸ் (இங்கே அது தடித்த உருளைக்கிழங்கு வறுவல்) மட்டும் வாங்கிக் கொடுத்தோம். பாதித் தட்டு காலியான பிறகுதான் அது மாட்டுக் கொழுப்பில் பொரித்தது என்று தெரிந்தது. அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவே இல்லை. புகார் செய்யலாமா? (லீட்ஸ்)

முதலில் அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் மேல் தப்பில்லை, உருளைக்கிழங்குக்குள் மாடு ஒளிந்திருக்கும் என்று யார் நினைப்பார்கள்? உங்கள் லீட்ஸ் இருக்கும் யார்க்ஷயர் பக்கம் மீனையும் சிப்ஸையும் 'பீஃப் டிரிப்பிங்'கில், அதாவது உருக்கிய மாட்டுக் கொழுப்பில், பொரிப்பது பழைய வழக்கம். சில கடைகள் அதைப் பெருமையாகப் பலகையில் எழுதியே வைத்திருக்கும். பால், முட்டை, நிலக்கடலை, எள், கடுகு என்று ஒவ்வாமைப் பொருள்கள் 14 உண்டு, உணவில் அவை இருந்தால் கடைக்காரர் சொல்லியே ஆகவேண்டும். மாட்டுக் கொழுப்பு அந்தப் பட்டியலில் இல்லை, அதனால் அதைச் சொல்லவில்லை என்று மட்டும் வைத்துப் புகார் செய்வது கஷ்டம்.

ஆனால் மெனுவில் அந்தச் சிப்ஸுக்குப் பக்கத்தில் சைவக் குறி இருந்ததா? அல்லது நீங்கள் கேட்டு, 'ஆமாம், சைவம்தான்' என்று சொன்னார்களா? அப்படியென்றால் அது பொய் விவரிப்பு. மேனேஜருக்கு எழுதிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மசியவில்லை என்றால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள், அவர்கள் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு, அதாவது உள்ளாட்சியின் நுகர்வோர் பாதுகாப்புத் துறைக்கு, அனுப்புவார்கள். இனிமேல் எங்கே போனாலும் இரண்டு கேள்வி: எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள், அதே எண்ணெயில் மீனும் பொரிக்கிறீர்களா? ஞாயிறு ரோஸ்ட்டில், அதாவது ஞாயிறு மதிய வறுத்த கறி விருந்தில், வரும் உருளைக்கிழங்கையும் விடாதீர்கள், அதை வாத்துக் கொழுப்பில் வறுக்கிற இடங்கள் நிறைய.

பீர் வெதுவெதுப்பாக வந்தது. திருப்பிக் கொடுக்கலாமா?

நீங்கள் வாங்கியது காஸ்க் ஏல், பீப்பாயிலேயே பதமாகும் பீர் வகை. நிலவறையிலிருந்து 11 முதல் 13 டிகிரியில் வருவதுதான் அதன் பக்குவம், சில்லென்று வேண்டுமானால் லாகர் பீர் கேளுங்கள். காடி மாதிரிப் புளித்திருந்தால் தாராளமாகத் திருப்பிக் கொடுங்கள், மாற்றித் தருவார்கள். முக்கால் கிளாஸ் காலியான பிறகு இல்லை.

மேசையில் ஒட்டியிருந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து நாங்களே ஆர்டர் செய்தோம். பில்லில் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். கொடுத்துத்தான் ஆகவேண்டுமா?

'விருப்பப்பட்டால்' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால் வேண்டாம். எடுத்துவிடச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். நம்மவர்களுக்கு இதில்தான் தயக்கம் ஜாஸ்தி. பாரில் போய் வாங்கும் பப்பில் டிப்ஸ் என்ற வழக்கமே பெரிதாகக் கிடையாது. ஓடியாடி நன்றாகக் கவனித்த பிள்ளைக்குக் கொடுக்க மனமிருந்தால் கொடுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் டிப்ஸும் சர்வீஸ் சார்ஜும் முழுக்க ஊழியர்களுக்கே போய்ச் சேரவேண்டும், முதலாளி கைவைக்கக் கூடாது என்பது சட்டம்.

'ஸ்டீக் அண்ட் ஏல் பை' (பீரில் வேகவைத்த மாட்டுக்கறிப் பை) என்று 17 பவுண்ட் கொடுத்து வாங்கினேன். கிண்ணத்தில் கறிக்குழம்பு, மேலே ஒரு மாவு மூடி. இது பையா? (ஹாரோ)

இல்லை. இல்லவே இல்லை. இந்தக் கடிதத்துக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

பை என்றால் அடியில் மாவு, சுற்றிலும் மாவு, மேலேயும் மாவு, நடுவில் கறி. கத்தியை இறக்கினால் குழம்பு மெதுவாக வழியவேண்டும், அடிமாவு அந்தக் குழம்பில் ஊறிக் கனத்திருக்கவேண்டும், பையின் ருசியே அந்த அடிமாவில்தான் இருக்கிறது. உங்களுக்குக் கொடுத்தது என்ன தெரியுமா? ஒரு பாத்திரத்தில் குழம்பு, தனியாகச் சுட்டெடுத்த பஃப் பேஸ்ட்ரி ஒன்று, பரிமாறும்போது அதைத் தூக்கி இதன் தலையில் வைத்தல். ஃபோர்க் பட்டதும் உடைந்து சட்டையெல்லாம் தூள். சாம்பார்க் கிண்ணத்தை அப்பளத்தால் மூடிக் கொண்டுவந்து இதுதான் சமோசா என்றால் நாம் சும்மா இருப்போமா? ஷெப்பர்ட்ஸ் பையில் மாவே கிடையாதே என்று யாராவது கிளம்புவார்கள். அந்தக் கறிப் பதார்த்தத்தின் மூடி உருளைக்கிழங்கு மசியல் என்று ஊருக்கே தெரியும், யாரும் ஏமாறவில்லை. மெல்டன் மோப்ரே என்ற ஊரில் தேவாலயத்துக்குள் நடக்கும் பிரிட்டிஷ் பை அவார்ட்ஸ் போட்டியில் முழுக்க மாவால் மூடிய பையை மட்டும்தான் சேர்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இருக்கும் நியாயம் உங்கள் பப்காரருக்கு இல்லை.

நானும் ஏமாந்தவன்தான். கணப்பில் விறகு எரிகிறது, கூரையில் தலை இடிக்கும் கறுத்த உத்தரம், கரும்பலகையில் சாக்பீஸால் 'ஹோம்மேட் பை'. பத்தொன்பது பவுண்ட். சமையலறையிலிருந்து 'டிங்' என்று மைக்ரோவேவ் சத்தம் கேட்டபோதே எழுந்து போயிருக்கவேண்டும். வந்தது மூடி போட்ட கிண்ணம். ஓரம் நாக்கைச் சுட்டது, நடுவில் குளிர்சாதனப் பெட்டிக் குளிர் இன்னும் போகவில்லை. 'எல்லாம் நன்றாக இருக்கிறதா?' என்று அந்தப் பெண் வந்து கேட்டபோது, 'லவ்லி, தேங்க் யூ' என்றேன். இந்த நாட்டில் இருபது வருடம் இருந்தால் இந்த வியாதி வந்துவிடும்.

நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஆர்டர் கொடுக்கும் முன்பே 'முழுப் பையா, மூடி மட்டுமா?' என்று கேளுங்கள். கேட்டதற்கு மாறாக வந்தால் முதல் இரண்டு வாயிலேயே சொல்லிவிடுங்கள், சொன்னது ஒன்று வந்தது ஒன்று என்றால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம். தட்டை வழித்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதிப் பயனில்லை.

கிறிஸ்துமஸ் விருந்துக்கு 14 பேருக்கு மேசை பதிவு செய்து, ஆளுக்கு 10 பவுண்ட் முன்பணம் கட்டினேன். முந்தின நாள் ரத்து செய்தபோது பணம் திரும்பாது என்கிறார்கள். அநியாயம் இல்லையா?

பதிவு செய்தபோது வந்த மின்னஞ்சலைத் திறந்து பார்த்தீர்களா? நிபந்தனை அதிலேயே இருந்தது என்று நீங்களே கடிதத்தின் கடைசியில், போனால் போகிறது என்பது மாதிரி, எழுதியிருக்கிறீர்கள். 14 பேருக்கான வான்கோழியை வாங்கி வைத்தவருக்கு முந்தின நாள் போன் செய்தால் அவர் என்ன செய்வார்? அந்த மேசைக்கு வேறு ஆள் வந்திருந்தால் கொஞ்சமாவது திருப்பித் தரச்சொல்லிப் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். அதற்கு மேல் என்னிடம் அனுதாபம் இல்லை.

'ஒரு கிளாஸ் ஒயின்' என்றேன். 11 பவுண்ட் வாங்கிவிட்டார்கள்.

அளவு சொல்லாமல் கேட்டால் 250 மில்லி ஊற்றத்தான் பார்ப்பார்கள், அது பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு. 125 மில்லியும் வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

குடிக்கத் தண்ணீர் கேட்டால் பாட்டில் வருகிறது.

'டேப் வாட்டர்' என்று கேளுங்கள். மது விற்க உரிமம் உள்ள இடத்தில், வந்த வாடிக்கையாளருக்கு அது இலவசம்.

ஓய்வூதியக்காரன். வாரம் ஒருமுறை மீனும் சிப்ஸும், ஒரு பைண்ட் பீரும். எப்போதும் இரண்டு விரல் நுரையோடுதான் ஊற்றித் தருகிறார்கள். கேட்டால் சண்டைக்காரன் என்று நினைப்பார்களோ என்று பயம். (ஈஸ்ட் ஹாம்)

ஐயா, சண்டைக்காரர் நீங்கள் இல்லை. ஒரு பைண்ட் என்றால் 568 மில்லி. நுரை அடங்கியபின் குறைந்தது 95 சதவீதமாவது பீர் இருக்கவேண்டும், கேட்டால் நிரப்பித் தரவேண்டும் என்பது அந்தத் தொழில்காரர்களே வைத்துக்கொண்ட வழிகாட்டுதல். அந்த ஐந்து சதவீதமே 20 பைண்ட்டுக்கு ஒரு பைண்ட் கணக்கு, மளிகைக்காரர் தராசில் அப்படிக் குறைத்தால் விடுவோமா? உங்களுக்கு வருவது அதைவிட மோசம் என்று தோன்றுகிறது. கிளாஸில் விளிம்புக்குக் கீழே கோடு போட்டிருந்தால் பீர் அந்தக் கோட்டைத் தொடவேண்டும், நுரை அதற்கு மேலே. கோடு இல்லையென்றால், ஒரு வாய் குடிப்பதற்கு முன் கிளாஸைப் பாரிலேயே வைத்துச் சிரித்துக்கொண்டே 'டாப் அப், பிளீஸ்' என்று சொல்லுங்கள். முகம் சுளித்தால் அடுத்த வாரம் வேறு பப்பில் மீன் சாப்பிடுங்கள்.