சாவியைக் கொடுத்துவிட்டால் கார் விற்றாகிவிடுமா?

கேள்வி: வணக்கம் வக்கீல் சார். கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் தேங்காய் வியாபாரம் செய்கிறேன். 2017-ல் ஆசைப்பட்டு வாங்கிய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கார், கேஎல் 70 நம்பர். லோன் முடிந்துவிட்டது, ஆனால் ஆர்சியில் பேங்க் பெயர் இன்னும் இருக்கிறது. வண்டியை ரீமேப் செய்து (சக்தி கூட்ட இன்ஜின் சாஃப்ட்வேரை மாற்றி) சைலன்சரும் மாற்றியிருக்கிறேன். கோவை சரவணம்பட்டியில் ஐடி வேலை பார்க்கும் ஒரு தம்பி பதினாறரை லட்சத்துக்குக் கேட்கிறார். எல் அண்ட் டி பைபாஸில் தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். பாதிப் பணம் ரொக்கமாகவும், மீதி அவருடைய நண்பர் கணக்கிலிருந்தும் வருமாம். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் தேதி போடாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள், தமிழ்நாட்டு நம்பருக்கு நானே மாற்றிக்கொள்கிறேன் என்கிறார். புரோக்கர் கமிஷன் மிச்சமாகட்டும் என்றுதான் நேரடியாக விற்கிறேன். எனக்கு இதில் ஏதாவது சிக்கல் வருமா?

பதில்: பணத்தையும் பைபாஸையும் நினைத்து நீங்கள் பயப்படுகிறீர்கள். எனக்கு அதைவிட, அந்தத் தேதி போடாத கையெழுத்துதான் பயமாக இருக்கிறது.

தேங்காய் லோடு ஏற்றிப் பணமும் வாங்கியாகிவிட்டால், அந்த லாரி பொள்ளாச்சியில் கவிழ்ந்தாலும் உங்களுக்குச் சம்பந்தமில்லை. சரக்கு விற்பனைச் சட்டத்தைப் பொறுத்தவரை காரும் அப்படித்தான். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 1988 வேறு கண்ணாடி போட்டுப் பார்க்கிறது. யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று அதன் பிரிவு 2(30) சொல்கிறது. சாவி யாரிடம், பணம் யாரிடம் என்பதெல்லாம் அப்புறம்.

நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அதில் வண்டியின் பதிவு உரிமையாளர் 2007-லேயே விற்றுவிட்டார். பிறகு அது பல கை மாறியது. 2009-ல் அந்த வண்டி மோதி ஓர் உயிர் போனது. கடைசியாக வண்டியை வைத்திருந்தவர்தான் பொறுப்பு என்றது உயர் நீதிமன்றம். இல்லை, ஆர்சியில் பெயர் இருப்பவரே நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அடிபட்டவர் குடும்பம் வண்டி கைமாறிய சங்கிலியைத் தேடிக்கொண்டு அலைய முடியாது என்பது அதற்குச் சொன்ன காரணம். நியாயமான காரணம்தான். கேரளத்திலிருந்து போன டி.வி. ஜோஸ் வழக்கிலும் 2001-ல் இதே நிலைப்பாடுதான் எடுக்கப்பட்டது.

சரி, அந்தத் தம்பி ஏன் தேதி போடாத ஃபார்ம் கேட்கிறார்? கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை. கேரள வண்டியைத் தமிழ்நாட்டில் மறுபதிவு செய்தால் அங்கே வரி கட்ட வேண்டும். இந்த விலை வண்டிக்கு அது சின்னத் தொகையாக இருக்காது. வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் புது நம்பர் வாங்க வேண்டும் என்பது பிரிவு 47. அதுவரை ஓட்டுவோம், பிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போடுவது நம்ம பக்கம் சகஜம். கோவை ரோடுகளில் எத்தனை கேஎல் நம்பர் ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியும். இன்னொரு வழியும் உண்டு. ஆறு மாதம் ஓட்டிவிட்டு, உங்கள் கையெழுத்துள்ள அதே ஃபார்மை வைத்து மூன்றாவது ஆளுக்கு நேரடியாக விற்றுவிடலாம். நடுவில் அவர் பெயர் எங்குமே வராது, உங்கள் பெயர் மட்டும் வரும். அந்தக் காலத்தில் யார் ஓட்டி எங்கே மோதினாலும் முதல் சம்மன் கொழிஞ்சாம்பாறைக்குத்தான் வரும். நானே ஒரு பழைய ஸ்கூட்டரை இப்படிக் கையெழுத்து போட்டுக் கொடுத்து, இரண்டு வருடம் அதன் அபராத நோட்டீஸ்களுக்குப் பதில் எழுதியவன். வக்கீல் என்ற பெயர் வேறு!

ஆக, வெற்று ஃபார்ம் கிடையாது என்று சொல்லிவிடுங்கள். தேதி, அவர் பெயர், முகவரி எல்லாம் நிரப்பிய பிறகே கையெழுத்து. நிரப்பியதை ஒரு நகல் எடுத்து வையுங்கள். வாகனப் பதிவுக்கான அரசின் 'வாகன்' இணையதளத்திலிருந்து உங்கள் மொபைலுக்கு வரும் ஓடிபியும் கையெழுத்துதான். அதையும் யாருக்கும் சொல்லாதீர்கள்.

மாநிலம் தாண்டும் விற்பனையில் முறை இது. முதலில் பேங்கிடம் லோன் முடிந்ததற்கான என்ஓசியும் (தடையில்லாச் சான்று) ஃபார்ம் 35-ம் வாங்கி ஆர்சியில் இருக்கும் அடமானப் பதிவை நீக்குங்கள். இது முடியாமல் மற்றது எதுவும் நகராது. அபராதம் பாக்கி இருந்தால் கட்டிவிடுங்கள். கேரளத்தில் 2023 ஜூன் முதல் ஏஐ கேமராக்கள் படம் பிடித்துக்கொண்டிருக்கின்றன. உங்களுக்குத் தெரியாமலே ஒன்றிரண்டு விழுந்திருக்கும். பிறகு ஃபார்ம் 28-ல், சித்தூர் ஆர்டிஓ அலுவலகத்தில் (நம்ம சித்தூர், ஆந்திராவில் இருப்பது அல்ல) தமிழ்நாட்டுக்கான தடையில்லாச் சான்று கேளுங்கள். அவர் முகவரி எந்த ஆர்டிஓ எல்லையில் வருகிறதோ அந்த அலுவலகத்தின் பெயருக்கே வாங்குங்கள். பிரிவு 48-ன்படி முப்பது நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

இந்தச் சான்று கைக்கு வரும்வரை கார் உங்கள் ஷெட்டிலேயே நிற்கட்டும். அதுவரை அவரிடம் சிறு தொகை அட்வான்ஸ் வாங்கி ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். ஒரு லட்சம் போதும். சான்று வராவிட்டால் அட்வான்ஸைத் திருப்பித் தருவேன் என்றும் எழுதுங்கள். அவருக்கும் உங்கள் மேல் நம்பிக்கை வர வேண்டுமே.

சான்று வாங்கியதும் கேரளத்தில் வேலை முடிந்தது என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். இங்கேதான் ஓட்டை. கோவை ஆர்டிஓ ஏற்றுக்கொள்ளும்வரை பதிவேட்டில் உங்கள் பெயர்தான் இருக்கும். வெளிமாநில வண்டி என்றால், விற்ற 45 நாளுக்குள் விற்றவர் அந்தச் சான்றை அங்கே அனுப்ப வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது பிரிவு 50. வாங்கியவர் செய்வார் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். வண்டியை ஒப்படைக்கும் நாளை, இருவரும் கோவை ஆர்டிஓ அலுவலகத்துக்கு ஒன்றாகப் போகும் நாளாகவே வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பித்த ரசீதின் நகல் உங்கள் கைக்கு வந்ததும் வீடு திரும்பலாம். அதோடு, இன்ன தேதியில் இன்னாருக்கு விற்றேன் என்று கோவைக்கும் சித்தூருக்கும் ஒப்புகை அட்டையோடு ஸ்பீட் போஸ்ட் அனுப்பிவிடுங்கள். இந்தக் கடிதம் நஷ்டஈட்டுப் பொறுப்பைத் துடைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் போலீஸ் வாசலில் வந்து நிற்கும்போது 'அன்று வண்டி என்னிடம் இல்லை' என்று காட்ட அதைவிட நல்ல காகிதம் இல்லை.

இவ்வளவு அலைச்சல் வேண்டாம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி டீலர்களுக்கு ஆர்டிஓ அங்கீகாரம் தருகிறார்கள். அப்படி அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியைக் கொடுத்து ஃபார்ம் 29சி பதிவு செய்துவிட்டால், அதன் பிறகு பொறுப்பு டீலருக்கு. விலை குறையும். அங்கீகாரச் சான்றைக் கண்ணால் பார்க்காமல், போர்டு மட்டும் மாட்டியிருக்கும் கடையில் கொடுத்தால் பயனில்லை.

இப்போது பணம். ரொக்கம் வேண்டவே வேண்டாம். ஒரே பரிவர்த்தனைக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அதுவும் வாங்கிய உங்களுக்கு. தவணையாகப் பிரித்து வாங்கினாலும் ஒரே விற்பனை என்றே கணக்கு. எட்டேகால் லட்சத்தைப் பையில் போட்டுக்கொண்டு வாளையாறோ வேலந்தாவளமோ தாண்டி வருகிறவரை நிறுத்தினால், குழல்பணம் (ஹவாலா பணம்) என்று பிடித்து வைப்பார்கள். கார் விற்ற பணம் என்று நீங்கள் ஸ்டேஷனில் நின்று விளக்க வேண்டும்.

நண்பர் கணக்கிலிருந்து வரும் பணம் எனக்கு அதைவிடவும் உறுத்துகிறது. அந்த நண்பரின் கணக்கில் எங்கோ நடந்த ஆன்லைன் மோசடிப் பணம் கொஞ்சம் நுழைந்திருந்தால், அது போன வழியெல்லாம் கணக்குகளை முடக்கச் சொல்லி வேறு மாநில சைபர் போலீஸ் பேங்குக்கு எழுதிவிடும். கேரளத்தில் இப்படிக் கணக்கு முடங்கிய வியாபாரிகள் ஏராளம். உங்கள் தேங்காய்க் கணக்கும் அதுவும் ஒன்றென்றால் வியாபாரமே நின்றுபோகும். ஒப்பந்தத்தில் யார் பெயரோ அவர் கணக்கிலிருந்தே ஆர்டிஜிஎஸ் வரட்டும். அவர் லோன் போட்டால் பேங்கிலிருந்து நேராக வரட்டும். எஸ்எம்எஸ்ஸையோ அவர் காட்டும் ஸ்க்ரீன்ஷாட்டையோ நம்பாதீர்கள். உங்கள் பேங்கில் இருப்பைப் பாருங்கள். பேங்க் திறந்திருக்கும் நாளில், காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். டிடி கொடுத்தால், அதை வழங்கிய கிளையில் உறுதி செய்யாமல் சாவியை எடுக்காதீர்கள். செக் என்றால் பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் வண்டி. திரும்பி வந்த செக்குக்கு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பிரிவு 138-ல் வழக்குப் போடலாம்தான். போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை வாய்தா என்று.

இந்த விற்பனைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி கட்ட வேண்டுமா என்று யாராவது குழப்பினால், வேண்டாம். அது பதிவு பெற்ற வியாபாரிகள் தொழிலாக விற்கும் வண்டிகளுக்கு. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்றால் மூலதன ஆதாய வரியும் இல்லை. வியாபாரக் கணக்கில் வாங்கித் தேய்மானம் எழுதியிருந்தால் மட்டும் உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது பற்றி. 230 குதிரைசக்தி வண்டி, அதற்கு மேல் ரீமேப் வேறு. கேட்பவருக்குக் கால் அரிக்கத்தான் செய்யும். தனியாக அனுப்பாதீர்கள். நீங்களே சாவியைக் கொடுத்து அனுப்பியபின் வண்டி திரும்பாவிட்டால், இது திருட்டு அல்ல, நம்பிக்கை மோசடி என்று சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுக்கப் பார்க்கும். லைசென்ஸை டிஜிலாக்கரில் திறந்து காட்டச் சொல்லுங்கள். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுப்பது உரிமையாளரின் குற்றம். முதலில் நீங்கள் ஓட்டி, பிறகு அவர் ஓட்ட நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். பைபாஸ் வேண்டாம், வேக அபராதமும் உங்கள் பெயருக்கே வரும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் சந்தித்து, லிஃப்டில் ஏற்றிக் காட்டி, ஸ்கேன் ரிப்போர்ட் எடுத்துக் கொடுத்தால் பாதிக் கேள்வி அங்கேயே தீரும். டிஎஸ்ஜி (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயில் மாற்றிய பில் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். இந்த வண்டி வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

ரீமேப், சைலன்சர் விஷயத்தை மறைக்க வேண்டாம். கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது பிரிவு 52. 2019-ல் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்கிறது. கோவையில் மறுபதிவுக்கு வண்டியைப் பார்க்கும் இன்ஸ்பெக்டர் சைலன்சர் சத்தத்திலேயே நிறுத்திவிடுவார். ஆர்டிஓவிடம் தடையில்லாச் சான்றுக்கு எழுதும் முன்பே பழைய சைலன்சரைப் பூட்டி, சாஃப்ட்வேரையும் கம்பெனி நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ரீமேப்பை எடுத்தாலும் ஸ்கேனில் தடயம் தெரிய வாய்ப்பு உண்டு. அதனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுங்கள்: 'இந்த வண்டி முன்பு ரீமேப் செய்யப்பட்டிருந்தது, இன்ன தேதியில் பழைய நிலைக்கு மாற்றப்பட்டது, வாங்குபவர் இதை அறிந்து, தன் மெக்கானிக்கிடம் காட்டித் திருப்தியடைந்து வாங்குகிறார்.' நாளை டர்போ போனால், மறைத்து விற்றார் என்று அவர் வழக்குப் போட இந்த வரி இடம் தராது.

அந்த ஒப்பந்தத்திலேயே சேசிஸ் எண், இன்ஜின் எண், ஓடிய கிலோமீட்டர், பணம் வந்த விவரம், ஒப்படைத்த தேதி, முக்கியமாக நேரம், எல்லாம் இருக்கட்டும். மாலை நாலு மணிக்குக் கொடுத்த வண்டி ஐந்து மணிக்கு மோதினால் அந்த ஒரு மணி நேரம்தான் வழக்கே. அவருடைய ஆதார், லைசென்ஸ் நகல்களில் அவர் கையெழுத்து, இரண்டு சாட்சிகள், முத்திரைத்தாள். போதும்.

கடைசியாக இன்சூரன்ஸ். வண்டி விற்றாயிற்றே என்று பாலிசியை உடனே ரத்து செய்துவிடாதீர்கள். பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும்போது இன்சூரன்ஸ் இல்லாமல் அந்த வண்டி மோதினால் நஷ்டஈடு உங்கள் தோட்டத்தைத் தேடி வரும். மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு பிரிவு 157-ன்படி வாங்கியவருக்குப் போய்விடும். பாலிசியில் தன் பெயரை மாற்ற அவர் 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) மட்டும் உங்களுடையது, வண்டியோடு போகாது. சான்று வாங்கி வைத்தால் மூன்று வருடத்துக்குள் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். ஃபாஸ்டேக்கைக் கழற்றி, கணக்கையும் மூடுங்கள். இல்லையென்றால் பாம்பாம்பள்ளம் டோலில் அவர் போகிற ஒவ்வொரு முறையும் உங்கள் பணம் கழியும்.

வாரம் ஒருமுறை எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். 45 நாள் தாண்டியும் உங்கள் பெயரே இருந்தால், அந்தத் தம்பிக்கு இன்னொரு போன் செய்துகொண்டிருக்காமல், ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு நேராக என் ஆபீசுக்கு வந்துவிடுங்கள். நோட்டீஸ் நான் எழுதுகிறேன்.