வலி வயிற்றில், ஊசி காலில் ஏன்?

கேள்வி: எனக்கு 26 வயது. சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். மாதவிடாயின் முதல் இரண்டு நாள் சுருண்டு படுத்துவிடுவேன். உடன் வேலை செய்யும் சீனத் தோழி தன்னுடைய சின்சேயிடம் (சீன மருத்துவரிடம்) அழைத்துப் போனாள். அவர் கணுக்காலுக்கு மேலே அக்குபங்சர் ஊசி குத்தினார். தொப்புளுக்குக் கீழே ஒரு மூலிகைச் சுருட்டைப் பற்றவைத்துச் சூடு காட்டினார். வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. இது மூளையில் வேலை செய்கிறது என்று அவர் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். "பாத்தியா, எல்லாம் மனசுலதான். நாங்கெல்லாம் பொறுத்துக்கலையா?" என்றார். மாதவிடாய் வலி மூளையையே மாற்றிவிடும் என்று வேறு படித்தேன். பயமாக இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சிங்கப்பூர்

பதில்: அன்புள்ள தோழி, அம்மாவின் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். ஊசியைவிட அதுதான் உங்களை அதிகம் குத்தியிருக்கிறது.

மாதவிடாய் வரும்போது கருப்பையின் உள்படலம் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. அது கருப்பைத் தசையை இறுக்குகிறது. இறுகிய தசைக்கு இரத்தம் போவது குறைகிறது. உங்கள் வலி பிறக்கும் இடம் அதுதான், கற்பனை எதுவும் இல்லை. ஆனால் எந்த வலியையும் வலியென்று உணர்வது மூளைதான். கால் எலும்பு முறிந்தாலும் அப்படித்தானே? அதனால் ஒரு சிகிச்சை மூளை வழியாக வேலை செய்தால், வலி பொய் என்று ஆகிவிடாது.

கணுக்காலின் உள்பக்க எலும்புக்கு நான்கு விரற்கடை மேலே இருக்கும் இடத்தைச் சீனர்கள் சான்யின்ஜியாவ் என்கிறார்கள். மூன்று நாடிகள், அதாவது உயிர்ச்சக்தி ஓடும் பாதைகள், கூடும் இடம் என்பது அவர்கள் கணக்கு. ஓட்டம் தடைப்பட்டால் வலி, தடை நீங்கினால் வலி இல்லை என்பது அவர்களின் பழைய பாடம். சூடு காட்டிய மூலிகை நம் மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்தது. குளிர் தங்கியதால் வந்த வலிக்குச் சூடு என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள்.

நாடிகளைக் கண்ணால் காட்ட முடியவில்லை. நரம்புகளைக் காட்ட முடியும். ஊசி எப்படி வலியைக் குறைக்கிறது என்ற ஆராய்ச்சியை பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங் என்ற விஞ்ஞானி 1965இல் தொடங்கினார். ஊசி குத்திய முயலின் மூளைத் தண்டுவட நீரை ஊசி குத்தாத இன்னொரு முயலுக்குச் செலுத்தினார்கள். அதற்கும் வலி தாங்கும் திறன் கூடியது! உடம்பே சுரக்கும் வலிநிவாரணிகளான எண்டார்பின் வகைப் பொருள்களுக்கு இதில் பங்குண்டு என்று பின்னர் தெரிந்தது. காலில் குத்தினாலும் சேதி தண்டுவடம் வழியாக மூளைக்குப் போகிறது. மேலிருந்து வலியை அடக்கும் பாதைகள் விழிக்கின்றன.

அடுத்து, உங்கள் பயம். தைவானில் மாதவிடாய் வலி உள்ள இளம்பெண்களின் மூளையைப் படம் எடுத்து, 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வலி இல்லாத நாட்களிலும் மூளையின் சில பகுதிகளில் சாம்பல் பொருளின் (நரம்பணுக்கள் நிறைந்த திசுவின்) அளவு மற்றவர்களிடமிருந்து மாறுபட்டிருந்தது. இதைச் சேதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மாதாமாதம் வலியைச் சந்திக்கும் மூளையில் அதன் தடம் தெரிகிறது, அவ்வளவே. இடுப்பு மூட்டுத் தேய்மான வலிக்காரர்களிடமும் இப்படி மாற்றம் தெரிந்தது. அறுவைக்குப் பின் வலி நின்றவர்களுக்கு அது மீண்டும் சரியானது. இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதில் ஒரு பெருமையும் இல்லை.

சரி, ஊசி உண்மையில் பலன் தருமா? 2016இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 42 ஆய்வுகளை, 4,640 பெண்களின் விவரங்களை, சேர்த்துப் பார்த்தது. பல ஆய்வுகள் தரமாக நடத்தப்படவில்லை. போலி ஊசியைவிட உண்மையான ஊசி மேல் என்று உறுதியாகச் சொல்ல அந்தத் தரவுகள் போதவில்லை. உங்களுக்குக் குறைகிறது என்றால், பதிவு பெற்ற சின்சேயிடம், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியோடு, தொடருங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் முதலில் அவரிடம் சொல்லுங்கள். அந்தக் கணுக்கால் இடத்தில் அவர்களே குத்த மாட்டார்கள்.

சூட்டைப் பற்றி எனக்கு இன்னும் நம்பிக்கை அதிகம். வயிற்றில் ஒட்டிய வெறும் சூட்டுப் பட்டை, ஐபுப்ரோஃபென் மாத்திரைக்கு நிகராக வலியைக் குறைத்ததை 2001இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. வீட்டில் வெந்நீர்ப் பை போதும், புகை வேண்டாம்.

கஷாயம் கொடுத்தால் மட்டும் அதில் என்ன இருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். தாங்குவே என்ற வேர் பெரும்பாலும் இருக்கும். வார்ஃபரின் போல இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கு அது ஆகாது. மெஃபெனாமிக் அமிலம் போன்ற மாத்திரைகள் அந்தப் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதையே தடுக்கின்றன. அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் மருத்துவரைக் கேட்டு, வலி தொடங்கும்போதே சாப்பிடலாம். சின்சேயிடம் போவதற்காக அதை விட வேண்டியதில்லை.

வருடத்துக்கு வருடம் வலி கூடுகிறதா? மாதவிடாய் இல்லாத நாட்களிலும் வருகிறதா? மலம் கழிக்கும்போதோ உறவின்போதோ வலிக்கிறதா? இதில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் மகப்பேறு மருத்துவரிடம் போய் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஊசியும் சூடும் வலியை மட்டும் மறைத்துவிட்டால், அந்த நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கலாம்.

அம்மாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அப்புறம், அந்தக் காலத்தில் அவருக்கு எப்படி வலித்தது என்று ஒருமுறை கேளுங்கள். அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.