சதுர அட்டவணையில் எதைச் சோதிப்பது?

கேள்வி: வலக்கண், இடக்கண் பார்வைத் திறன்களை நான்கு தரங்களாகப் பிரித்து இருவழி அட்டவணை அமைத்தால், இரண்டும் சார்புடையவை என்றே கை-வர்க்கச் சோதனை (எதிர்பார்த்த எண்ணிக்கைகளிலிருந்து கண்டவை எவ்வளவு விலகுகின்றன என்று அளப்பது) சொல்கிறது. தரங்களின் வரிசையைக் கொண்டு வேறெதுவும் அறிய முடியாதா?
- புள்ளியியல் முதுகலை மாணவி ஒருவர்

பதில்: முடியும். ஒரே முகத்திலுள்ள இரு கண்கள் ஒன்றையொன்று சாராதிருக்கும் என யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆகவே சார்பின்மையை விட்டுச் சமச்சீர்மையை, அதாவது மூலைவிட்டத்தின் இரு பக்கமும் ஒத்திருக்கின்றனவா என்பதை, சோதியுங்கள்.

பிரிட்டனின் அரசு ஆயுதத் தொழிற்சாலைகளில் 1943 முதல் 1946 வரை, 30–39 வயதுப் பெண்கள் 7,477 பேருக்கு நடந்த கண் பரிசோதனையின் அட்டவணை இத்துறையில் பலமுறை ஆராயப்பட்டது. அதில் 5,296 பேருக்கு இரு கண்களும் ஒரே தரம். அவர்கள் மூலைவிட்டத்தில் அமைகிறார்கள். வலக்கண் முதல் தரமும் இடக்கண் இரண்டாம் தரமும் உடையோர் 266 பேர், அதற்கு நேர்மாறானோர் 234 பேர். இத்தகைய ஆறு இணைகளிலும் இரு பக்கமும் சமமா என்பதே புள்ளியியலாளர் பௌக்கர் 1948இல் தந்த சோதனை. அதன் மதிப்பு இங்கே 19.11, மீறினால் பொருந்தவில்லை என்று கொள்ளும் 5 விழுக்காட்டு எல்லையோ 12.59. சமச்சீர்மை பொருந்தவில்லை.

தரங்களின் வரிசை பயன்படுவது இதற்குப் பின்புதான். இரத்தப் பிரிவு போன்ற வரிசையற்ற வகைகளில் மூலைவிட்டத்தின் மேற்பகுதி, கீழ்ப்பகுதி என்பதற்குப் பொருளில்லை. இங்கே வலக்கண் தரங்கள் கிடைவரிசைகளிலும் இடக்கண் தரங்கள் நெடுவரிசைகளிலும் இருப்பதால், முதல் தரமே சிறந்தது எனும்போது, மேற்பகுதி என்றால் வலக்கண் மேலானது என்று பொருள். அங்கே 1,171 பேர், கீழ்ப்பகுதியில் 1,010 பேர். எல்லா இணைகளிலும் இதே 1.16 விகிதமே நிலவுகிறது என்று கொள்வது மெக்கல்லா 1978இல் முன்வைத்த நிபந்தனைச் சமச்சீர்மை. ஒரே ஒரு பண்பளவையை (அந்த விகிதத்தை) சேர்த்ததில் கை-வர்க்க மதிப்பு 7.26ஆகக் குறைந்து, 11.07 என்ற எல்லைக்குள் வந்துவிடுகிறது.

குட்மன் 1979இல் தந்த மாதிரியில், இரு கண்களின் தர இடைவெளிக்கு ஏற்ப விகிதம் மாறலாம். அதன் மதிப்பு வெறும் 0.50தான். ஆனால் இடைவெளி ஒன்று, இரண்டு, மூன்று ஆகும்போது விகிதங்கள் முறையே 1.17, 1.02, 1.83 என ஏறியிறங்குகின்றன. இதற்குக் கண் மருத்துவர் என்ன விளக்கம் தருவார்? கணக்கு குட்மன் பக்கம் சாய்ந்தாலும், நான் ஒற்றை விகிதத்தையே தேர்வேன்; அது தடுமாறுவது முக்கியமாக ஒரு கண் முதல் தரமும் மற்றது நான்காம் தரமுமான, 66க்கு 36 என்ற மூலை இணையில்தான் என்பதையும் அறிக்கையில் எழுதிவிடுவேன்.